பரபக்கமும் சமய ஒப்புநோக்கும்

உலகத்துப் பெருஞ்சமயங்களை ஒருங்கு வைத்து ஒப்பு நோக்குதல் இந்நாளிற் பலரானும் மேற்கொள்ளப்படுகின்றது. அங்ஙனம் நோக்குவார் பெரும்பாலும் ஒரு கட்டம் வரைந்துகொள்வர். நிறுவினார் யாவர், நூல் யாது, கடவுள் ஒருவரோ பலரோ, வழிபாடு எத்தகைத்து, முத்தி யாது என்னும் வினாக்களை ஒருபால் நிறுத்திச் சமயப் பெயர்களை மற்றொருபால் நிறுத்தி, இடைப்பட்ட அறைகளை ஓரிரு சொற்களால் நிரப்பிவிடுவர். சைவத்திற்கு நிறுவினார் ஒருவர் இலர். அவ்வறை வெறிதே கிடக்கும். சமணத்திற்குப் படைப்புக் கடவுள் இல்லை; அவ்வறையும் வெறிது. வெற்றறையைக் கண்டார் அவ்வச் சமயத்துக்கு யாதோ ஒரு குறையுண்டு போலும் என்று கருதுவர். குறை சமயத்தின்பாலதன்று, கட்டத்தின்பாலதே. நிறுவினாரும் ஒரு தனி நூலும் உடைய சமயம் ஒன்றன் வடிவை அளவுகோலாக்கி, அதனால் ஏனையவற்றை அளப்பதனால் வந்த வழு அது.

இக்கட்டத்தினின்றும் இருவகை முடிபுகள் பிறக்கின்றன. எல்லாச் சமயமும் ஒன்றே, பெயர் மாத்திரையே வேறு என்பது ஒன்று. எம் சமயமே சமயம், ஏனைய பொய் என்பது மற்றொன்று. தம்முள் மாறுபட்டன போலத் தோன்றினும் இவ்விரண்டும் ஒரு வேரினவே. பிறசமயம் தன்னைத் தானே யாதெனக் கூறிக்கொள்ளுகின்றது என்பதைக் கேளாமை அவ்வேர்.

இவ்வாராய்ச்சிக்கு நடுநாட்டினும் தக்க நிலம் காண்டல் அரிது. இன்றை விழுப்புரம் மாவட்டத்து முகையூரையும் அதனைச் சூழ்ந்த ஊர்களையும் நோக்குக. முகையூரிற் கத்தோலிக்கக் கிறித்தவர் பெருந்தொகையினராய் வாழ்கின்றனர். அணித்தே அந்தகாசுர சங்காரம் நிகழ்ந்த வீரட்டமாகிய திருக்கோவலூரும், பெண்ணையாற்றின் வடகரையிலே திருஞானசம்பந்தர் பாடிய அறையணிநல்லூரும் உள்ளன. மெய்கண்டதேவர் சிவஞானபோதம் அருளிய திருவெண்ணெய்நல்லூரும் சேய்த்தன்று. திண்டிவனம், செஞ்சிப் பக்கங்களில் தமிழ்ச் சமணர் இன்றும் வாழ்கின்றனர். மேல்சித்தாமூரில் அவர்தம் மடம் உள்ளது. செஞ்சிக் கோட்டையுள் 1717, 1718-ஆம் ஆண்டுகளிற் கட்டப்பெற்ற சாதத்துல்லா கான் பள்ளிவாசல் நிற்கின்றது. சமணத்தைச் சம்பந்தர் காலத்தோடு முடிந்துபோன ஒன்றாகக் கருதிப் பேசும் நம்மவர், நயினார் என்னும் பட்டப்பெயருடைய அவ்வயலாரை ஒருகாற் கண்டு பேசுவாராயின் நன்று.

தமிழிற் சமய ஒப்புநோக்கு மேனாட்டார் கொணர்ந்த புதுமையன்று. மணிமேகலை வஞ்சி நகரத்தே அளவைவாதி முதலாகப் பூதவாதி ஈறாகப் பதின்மர்பாற் சமயத்திறம் கேட்கின்றாள். நீலகேசி என்னும் சமண நூல் பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதியர் முதலாயினாரோடு வாதிட்டுச் செல்கின்றது. இவ்வரிசையில் முறைமையால் முதிர்ந்து நிற்பது 13-ஆம் நூற்றாண்டில் திருத்துறையூர் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞானசித்தியார்ப் பரபக்கமாம். உலகாயதம், பௌத்தத்தின் நால்வகை, நிகண்டவாதம், ஆசீவகம், பட்டாசாரியம், பிரபாகரம், சத்தப்பிரமவாதம், மாயாவாதம், பாற்கரியம், நிரீச்சுர சாங்கியம், பாஞ்சராத்திரம் எனப் பதினான்கு மதங்கள் அதன்கண் எடுத்துக்கொள்ளப்பட்டன. ஒவ்வொன்றினும் முதற்கண் அம்மதத்தார் கூற்று அவர் வாயிலாகவே நிற்கும். பின்னரே மறுதலை வரும். இவ்வைப்புமுறை சிறிதெனக் கருதற்க. மறுக்கப்படுவான் முதலிற் பேசுகின்றான். இக்காலத்துக் கட்டங்களில் அவன் வாய் திறப்பதே இல்லை.

அற்றேல், பரபக்கம் குற்றமற்ற ஒப்புநோக்கோ எனின், அன்று. ஆசீவகரை அந்நூல் சமணரின் ஒரு பிரிவார் போலவே நிறுத்துகின்றது. மற்கலியைத் தலைவராகக் கொண்டு, நிகழ்வன யாவும் நியதியின்வழியே என்று கூறிய தனிச் சமயத்தார் அவர். இதனை பாஷம் என்னும் ஆங்கில ஆசிரியர் 1951-இல் வெளியிட்ட ஆசீவகர் வரலாற்றில் தமிழ் நூல்களையும் கொண்டு விரித்துள்ளார். அருணந்தியார் காலத்து அச்சமயம் தேய்ந்து சமணத்தோடு மயங்கி நின்றமையின் இவ்வாறு நேர்ந்ததாகலாம். இஃது ஒருபுறம் நிற்க. மணிமேகலையுட் சைவவாதிக்குக் கிடைத்தன சில அடிகளே. எண்வகை வடிவினனாகிய இறைவனைப் பற்றிச் சுருங்கச் சொல்லி அவன் அகன்றுவிடுகின்றான். அதனைப் படிக்குஞ் சைவர், எம் சமயம் இவ்வளவுதானோ என்று மனம் கன்றுதல் இயல்பு. பரபக்கத்துப் பௌத்தப் பகுதியை ஒரு பௌத்தர் படிப்பின் அவரும் அங்ஙனமே கன்றுவர் என்பதை நாம் நினைத்தல் வேண்டும்.

இனி, பரபக்கத்தினும் சிறந்த கருவியொன்று நம் நூலிலேயே உளது. சிவஞானபோதத்தின் பன்னிரு சூத்திரங்களுள் முன்னாறும் பொதுவதிகாரம், பின்னாறும் உண்மையதிகாரம் எனப்படும். ஒரு பொருளுக்குப் பிறவற்றோடு ஒத்த பொதுவியல்பும், அதற்கே உரிய சிறப்பியல்பும் உள. இரண்டும் கூறியவழியன்றி அப்பொருள் கூறப்பட்டதாகாது. சமயங்கள் யாவும் ஒன்றென்பார் பொதுவியல்போடு நின்றுவிடுகின்றனர். எம்மது ஒன்றே என்பார் சிறப்பியல்பை மட்டும் பற்றுகின்றனர். இதனை இரண்டொரு ஒழுக்கங்களில் வைத்துக் காண்பாம்.

முதற்கண் நீறு. தவக்காலத்தின் தொடக்கமாகிய சாம்பற் புதனன்று கத்தோலிக்கக் கோயில்களிற் குருவானவர் மக்கள் நெற்றியிற் சாம்பலிடுகின்றார். முந்தை ஆண்டுக் குருத்தோலை ஞாயிற்றில் மந்திரிக்கப்பெற்ற ஓலைகளை எரித்தெடுத்த சாம்பல் அது. திருக்கோவலூர்ச் சைவன் நெற்றியிலும் நீறு. முகையூர்க் கிறித்தவன் நெற்றியிலும் அன்று நீறு. கண்டோர் வியந்து, பார்மின், இரண்டும் ஒன்றே என்பர். எரிந்து எஞ்சியது என்பதும், உடம்பின் நிலையாமையை உணர்த்துவது என்பதும் இரண்டற்கும் பொதுவே. சிறப்பியல்பு யாதெனின், கிறித்தவனுக்கு அச்சாம்பல் மண்ணினின்று வந்த மனிதன் மண்ணுக்கே மீளுவான் என்னும் நினைவு. பாவத்தை நினைந்து மனந்திரும்புதற்கு ஆண்டிற்கொருமுறை இடப்படும் துக்க அடையாளம். சைவனுக்குத் திருநீறு துக்கக்குறி அன்று. மலங்கள் வெந்தபின் எஞ்சும் தூய்மையின் குறி. இறைவன் திருமேனியிற் பூசப்படுவது. அவன் அருட்சத்தியின் வடிவாக மதித்து நாடோறும் அணியப்படுவது. முன்னது மனிதனைக் காட்டுகின்றது, பின்னது இறைவனைக் காட்டுகின்றது.

அத்திருக்கோவலூரிலேயே, புறக்குறி ஒன்றாயிருக்க அகம் வேறாதல் கூடும் என்பதற்கு அழியாச் சான்று உளது. மெய்ப்பொருள் நாயனாரைப் போரில் வெல்லமாட்டாத முத்தநாதன் நீறு சண்ணித்து, புத்தகக் கட்டினுட் படைக்கலம் மறைத்து உட்புகுந்தான். வேடம் என்று கண்ட அளவிலே நாயனார் பணிந்தார். தாம் வீழ்ந்தபின்னும் தத்தனை விலக்கி, அவனை ஊறின்றி ஊரெல்லை கடத்துமாறு பணித்தார். குறி ஒத்தால் பொருளும் ஒக்கும் என்று நாயனார் ஏமாந்தார் என்று கொள்வாரும் உளர். அது பொருந்தாது. அகத்தே பகை உண்மை வெளிப்பட்ட பின்னரும் அவர் குறியை வணங்கினார். ஆகலின் குறிக்கும் பூண்டானுக்கும் உள்ள வேற்றுமையை உணர்ந்தே வணங்கினார் என்பதே துணிபு. வேற்றுமையை உணர்தலும் வணங்குதலும் ஒருவர்பாலே உடனிருத்தல் கூடும் என்பதை இவ்வரலாற்றால் அறிக.

அடுத்து நோன்பு. இச்சொல்லே நோக்கற்பாலது. சைவரும் சமணரும் வழங்கிய அதனையே தமிழ் முசுலிம்களும் ரமலான் மாதத்து உண்ணாமைக்கு வழங்குகின்றனர். பள்ளி என்று சமணரும் பௌத்தரும் தம் உறையுளைக் கூறினர். இன்று பள்ளிவாசல் என்பது முசுலிம்களுடையது. கத்தோலிக்கர் மாதா கோயில் என்பர், தேரும் இழுப்பர். சொல் ஒன்றாதல் பொதுவியல்பு. ஏன் உண்ணாதிருக்கின்றனை என்று நால்வரை வினவின் விடை நான்காம்.

முசுலிம், இறைவன் கட்டளை அது என்பார். வைகறை தொட்டு ஞாயிறு படுங்காறும் நீரும் பருகார். நோயாளரும் வழிச்செல்வாரும் பிறிதொரு நாளில் ஈடுசெய்யலாம் என்னும் விலக்கும் அக்கட்டளையின் பகுதியே. ஈண்டுப் பசியினும் கீழ்ப்படிதலே பொருள். கத்தோலிக்கர், இயேசு பாலைநிலத்தே 40 நாள் உண்ணாதிருந்தமையை நினைந்து, தம் பாவத்துக்கு வருந்தி ஒறுத்தல் செய்கின்றோம் என்பர். சமணர் விடை இவ்விரண்டினும் முற்றும் வேறு. வினை என்பது உயிரிற் புகுந்து ஒட்டிய நுண்பொருள். புதியது புகாமற் காத்தல் செறிப்பு, புகுந்ததை உதிர்த்தல் உதிர்ப்பு. தவத்தால் அஃது உதிர்கின்றது என்பர். செஞ்சிக்கு அணித்தாகிய திருநாதர்குன்றத்துப் பாறையில், சந்திரநந்தி என்னும் சமண முனிவர் 57 நாள் உண்ணாதிருந்து உயிர்நீத்தமை பொறிக்கப்பட்டுள்ளது. அக்கல்லின்முன் நிற்பார் எச்சமயத்தாராயினும் சிறிது பேச்சொழிவர். அவர் கேட்டுக்கொள்ளக் கடவுள் இல்லை. மன்னிக்க ஒருவர் இல்லை. தம் வினையைத் தாமே உதிர்த்தார்.

சைவர் யாது கூறுவர்? வினை சடம், செய்தானை அறிந்து சென்று பற்றித் தன் பயனைத் தான் கொடுக்கமாட்டாது, அறிவுடைய ஒருவன் கூட்டுவித்தல் வேண்டும் என்பர். சமணர் இதற்கு மருந்தை உவமை காட்டுவர். உண்டான் இன்னான் என்று அறியாத மருந்து நோய் தீர்க்கவில்லையா? நம்மவர் விடை: மருந்து உண்ட அவ்வுடம்பில் அப்பொழுதே உளது, வினையோ செய்த அளவிலே கழிந்து, பின்னொரு காலத்துப் பின்னொருடம்பிற் பயன்படுவது, ஆகலின் உவமை ஒவ்வாது.

இவ்விடை சமணர்க்குப் போதியதன்று என்பதே எம் கருத்து. அவர் கொள்கையில் வினை கழிவதில்லை. நுண்பொருளாய் உயிரோடு ஒட்டி, உண்ட மருந்து உடம்பில் நிற்றல்போல, நிற்கின்றது. அவர் கொள்ளாத ஒன்றை அவர்மேல் ஏற்றி மறுத்தல் மறுப்பாகாது. நம் ஆசிரியர்தம் வலிய நியாயம் பிறிதோரிடத்துளது. வினை ஒட்டி நிற்பதாகவே கொள்க. அதன் பயன் நுகர்தற்கு வேண்டும் தாய் தந்தையர், உடம்பு, இடம், காலம், எதிர்ப்படும் பிறவுயிர்கள், அவ்வுயிர்களின் வினைகள் ஆகிய அனைத்தையும் ஒன்றோடொன்று பொருத்துவது யாது? ஒட்டிய துகள் தன் உயிரளவில் நிற்பதன்றிப் பிறவுயிர்களின் துகள்களை அறிந்து இயைக்க வல்லதன்று. ஈண்டுத்தான் சமணர் விடையிறுத்தல் வேண்டும். இவ்விடத்தைக் காட்டுவதே ஒப்புநோக்கின் பயன். கடவுள் உண்டு என்னும் அறையிற் சைவம் என்றும், இல்லை என்னும் அறையிற் சமணம் என்றும் எழுதிவிடுதலால் இது விளங்காது.

பரபக்கத்தில் இசுலாமும் கிறித்தவமும் இல்லை. அக்குறையைப் பிற்காலத்தார் நிரப்ப முயன்றனர். ஆறுமுக நாவலர் 1854-இல் வெளியிட்ட சைவதூஷண பரிகாரம், பாதிரிமார் இகழ்ந்த சைவக் கிரியைகளுக்கு ஒத்தனவற்றை விவிலியத்துப் பழைய ஏற்பாட்டினின்றே எடுத்துக்காட்டிற்று. பீடம், தீபம், தூபம், குருமார் அணி, ஆசௌசம் யாவும் அவண் உள. பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்பில் உடனுழைத்தவராகலின் அந்நூலைப் பலகாற் பயின்றவர் அவர்; அதனாலன்றோ அவ்வாயுதம் கூர்மை பெற்றது. எனினும் அது பரிகாரமேயன்றி ஒப்புநோக்கன்று. பழைய கட்டளைகள் கிறிஸ்துவில் நிறைவெய்திவிட்டன என்று கிறித்தவர் கூறும் விடைக்கு அந்நூலின் நியாயம் மேலும் ஒருபடி செல்லுதல் வேண்டும். மறுபால், ஹாய்சிங்டன் 1854-இல் சிவஞானபோதத்தை ஆங்கிலத்திற் பெயர்த்தார். போப்பையர் 1900-இல் திருவாசகத்தைப் பெயர்த்தார். சோமரஸ் 1912-இற் செருமன் மொழியில் சைவசித்தாந்தத்தை விரித்து ஒரு பெருநூல் வெளியிட்டார். மூவரும் கிறித்தவத் தொண்டர். இயேசு சபைக் குருவாகிய மரியசூசை தவமணி 1971-இற் சித்தாந்தம் கூறும் இறையன்பைப் பற்றி ஆக்ஸ்போர்டில் வெளியிட்டது இவ்வரிசையில் வைக்கத்தக்கது. பிறர் நம் நூலைக் கற்ற அளவிற்கு நாம் அவர் நூலைக் கற்றிலேம் என்பது வெள்ளிடைமலை.

கிறித்தவத்தோடு ஒப்பவைத்து நோக்கத்தக்கது ஆணவமலமும் சென்மப் பாவமும் ஆகிய இரண்டாம். இரண்டும் உயிர் தானே நீக்கமாட்டாத கறை. இரண்டற்கும் அருளே மருந்து. இவ்வளவும் பொது. சென்மப் பாவத்துக்கு ஒரு தொடக்கம் உண்டு. ஆதாமின் பிழையால் வந்து, அவன் வழியினர் யாவர்க்கும் இறங்கிற்று. ஆணவத்துக்குத் தொடக்கமில்லை, செம்பிற் களிம்புபோல ஒவ்வோருயிர்க்கும் அதுவதற்கே உடன் உள்ளது. தொடக்கமுடையதெனின், தூயனாய்ப் படைக்கப்பட்டான் பிழை செய்தது எவ்வாறு என்னும் வினா எழும். படைத்தவன் அளித்த சுதந்தரத்தால் என்பர் அவர். அச்சுதந்தரம் தீமைபால் திரும்பியதற்கு ஏது யாது என்று சித்தாந்தி மேலும் வினவுவன். தொடக்கமில்லாததெனின், இறைவனோடு ஒத்த அநாதிப் பொருளாகிய மலம் அவன் முதன்மைக்கு இழுக்கன்றோ என்று கிறித்தவர் வினவுவர். சூரியன்முன் இருள்போல அவன் சந்நிதியில் அது வலியிழந்து அடங்கிக் கிடப்பது, ஆகலின் இழுக்கன்று என்பது நம் விடை. இருபாலும் வினா எஞ்சுகின்றது. அநாதி என்பார்க்கு எஞ்சும் வினா, தீமையை இறைவனிடத்தே கொண்டு சேர்ப்பதன்று. ஆகலின் அதுவே மெலிது என்று யாம் துணிகின்றேம்.

இன்னும் நுண்ணிய ஒற்றுமை ஒன்றுளது. ஞானஸ்நானத்தாற் சென்மப் பாவம் கழிந்தபின்னும் தீயதை நாடும் இச்சை எஞ்சும் என்பது கத்தோலிக்கர் கொள்கை. தீக்கைபெற்று ஞானமெய்தினார்க்கும், உடம்புள்ளதுணையும், பெருங்காயம் இருந்த கலத்தின் மணம்போல மலவாசனை தாக்கும் என்பது நம் ஆசாரியர் கொள்கை. ஆகலானன்றோ அடியார் கூட்டமும் திருவேடமும் ஆலயமும் தொழுதலை முத்தியை எய்தினார்க்கும் பன்னிரண்டாஞ் சூத்திரம் விதித்தது. வெவ்வேறு நிலத்திற் பிறந்த இருசாரார், ஒருவரையொருவர் அறியாமலே இதனைக் கண்டு கூறினர்.

இசுலாத்தோடு ஒப்புமை சுருங்கக் கூறின் அமையும். பிறப்பிலி, ஒருவன், தனக்கு ஒப்பிலாதவன் என இறைவனை இருவரும் கூறுவர். இறைவன் கருவிற் பிறந்தான் என்பதை இருவரும் உடன்படார். இதில் சைவம் கிறித்தவத்தினும் இசுலாத்துக்கு அணிமையது. அடிபணிதல் என்னும் பொருளுடைய அச்சமயப் பெயர், பத்தாஞ் சூத்திரத்து இறைபணி நிற்றலை நினைப்பிக்கும். ஆயின் ஆண்டு அடிமை என்றும் வேறாய் நிற்பான். ஈண்டு அவ்வடிமையே இறைவனோடு பிரிப்பின்றி இரண்டறக் கலந்து நிற்பான். ஒரு பிறப்பு, ஒரு தீர்ப்புநாள் என்பது அவர் துணிபு. பல பிறப்பு என்பது நம் துணிபு. திருவுருவ வழிபாட்டைப் பற்றிய பூசலே பெரிதாகப் பேசப்படுகின்றது. அருவுருவாகிய இலிங்கத்தின் பொருளை நாம் தெளிவுறக் கூறியிருப்பின் அதிற் பாதி எழுந்திராது.

கொள்கையைக் கொள்கையோடும், ஒழுக்கத்தை ஒழுக்கத்தோடும் ஒப்பிடுதல் வேண்டும். நம் சாத்திரத்தின் உயர்வையும் அவர்தம் தெருவிற் கண்ட இழிவையும் துலாவில் வைத்தல் அறமன்று. அவர்கள் அங்ஙனம் செய்யினும் அவ்வாறே. இந்நடுநாட்டிலே, கிறிஸ்துவில் யாவரும் ஒன்று என்னும் கொள்கையுடையார் ஊராகிய எறையூரில் 2008 மார்ச்சு மாதத்துச் சாதிப் பூசலில் போலீசார் துப்பாக்கியாற் சுட இருவர் இறந்தனர். விழுப்புரத்தை அடுத்த மேல்பாதியில் தாழ்த்தப்பட்டார் உட்புகுதல் பற்றிய பூசலால் 2023-இல் திரௌபதியம்மன் கோயில் அரசினராற் பூட்டி முத்திரையிடப்பட்டது. கோயில் நுழைவுச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இலேயே நிறைவேறிற்று. திருநாளைப்போவாரைத் திருத்தொண்டத் தொகையில் வைத்து வணங்குவோர் இதனைச் சமய நூலின்மேல் ஏற்றித் தப்புதல் இயலாது, கிறித்தவர்க்கும் அஃதே. இருவர் கட்டத்திலும் இவ்வறையை எழுதினார் எவரையும் யாம் கண்டிலேம்.

இறுதியாக ஒன்று. பதினான்கு மதங்களை மறுத்த அருணந்தியாரே சுபக்கத்தில், ஒருவர் எத்தெய்வத்தைக் கொண்டு வழிபடினும் சிவபெருமானே அத்தெய்வமாய் நின்று அருளுவான் என்றனர். இதனைச் சமரசவாதிகள் தமக்குச் சான்றாக எடுத்து ஓதுகின்றனர். அவ்விடத்தே அவர் கூறும் காரணத்தை அவர்கள் விட்டுவிடுகின்றனர். ஏனைத் தெய்வங்கள் வேதனைப்பட்டு, இறந்து பிறந்து, வினை செய்தலால், அவை இல்லாதவன் ஒருவனே யாண்டும் பயனளிப்பவன் என்பதே காரணம். இஃது எல்லாம் சமம் என்பதன்று. எல்லாம் எம் இறைவன்பால் முடியும் என்பது. உரோமைத் திருச்சபை 1965-இல் வாத்திகன் சங்கத்தின் வாயிலாகப் பிறசமயங்களிலும் உண்மையின் கதிர் உண்டு எனச் சாற்றியதும் இதனோடு ஒருபுடை ஒத்ததே. அக்கதிர் கிறிஸ்துவினின்று வருவது என்பது அவர் உட்கோள். முகையூர்க் கிறித்தவர் மாதா கோயிலில் முழந்தாளிட்டு வேண்டுங்கால் அவர்க்கு அருளுபவன் மாதொருபாகனே என்று நாம் கூறின் அவர் உடன்படார். வீரட்டத்தில் நாம் தொழுங்கால் நமக்கு அருளுபவர் கிறிஸ்துவே என்று அவர் கூறின் நாமும் உடன்படேம்.